அம்மாவின் கால் அளவும் அப்பாவின் டிசம்பரும்

எங்கள் அப்பாவுக்கு மனிதர்களின் முகம் இரண்டாம்பட்சம். தெருவில் யாராவது எதிரே வந்தால் அவர் பார்வை முதலில் குனிந்து பாதத்தில் உட்காரும். அங்கே அளவெடுத்து முடித்துவிட்டு நிதானமாக மேலே ஏறும். முகத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஆள் தாண்டிப் போயிருப்பார்.

"யாருப்பா அது?" என்று கேட்டால், "ஏழு. அகலப் பாதம். வலது சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே நிக்கும்" என்பார். பெயர் தெரியாது.

அக்காவின் ஆபீஸ் மேனேஜர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். அப்பா வாசலுக்கே ஓடிப்போய், "வாங்க சார், வாங்க! அந்தப் பிரவுன் லேஸ் ஷூ எப்படி இருக்கு? உள்ளங்கால் வியர்வை நின்னுதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். அன்று முழுக்க அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

செருப்புக் கடையில் சேல்ஸ்மேன் அவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அப்பா ஷூ மாட்டுகிற கரண்டி வைத்திருப்பார். கடையில் பேசுவது போலவே வீட்டிலும் பேசுவார். தொண்டையில் கொஞ்சம் தேன், கொஞ்சம் குழைவு. சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று அம்மா சொன்னால், "போகப் போகப் பழகிடும் மேடம்" என்பார். அம்மாவை அவர் கூப்பிடுவதே மேடம் என்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அவருடைய கஸ்டமர். அந்த மரியாதை அப்படியே ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்கு பேக்கரியில் வேலை. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று, கேக் வெட்டி, பெட்டியில் வைத்து, நூலைச் சுற்றி ஒரே இழுப்பில் முடிச்சுப் போடுவாள். அவள் குரலில் தேனுக்கு இடமில்லை. நாங்கள் எதற்காவது தயங்கி நின்றால், "அரைக் கிலோவா, ஒரு கிலோவா, சீக்கிரம் சொல்லு. பின்னாடி ஆள் நிக்குது" என்பாள். பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

வேலை முடிந்து வந்ததும் வாசலில் ஷூவைக் கழற்றி, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று குக்கர் இறங்குவது போல ஒரு சத்தம் விடுவாள். ஷூ போகும், சாக்ஸ் போகாது. வீட்டிலும் சாக்ஸ், தூக்கத்திலும் சாக்ஸ். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

டிசம்பர் வந்துவிட்டால் வீடு அப்பாவின் ராஜ்ஜியம். கடையிலிருந்து காலி ஷூப் பெட்டிகளைக் கட்டித் தூக்கிவந்து கூடத்துச் சுவரோரம் அடுக்குவார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு தேதி. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, அதில் அன்றைய வேலை. மரம் நிறுத்துவது, குடில் அமைப்பது, காகிதச் சங்கிலி ஒட்டுவது, பாட்டு ஒத்திகை, பக்கத்து வீட்டுக்கு வாழ்த்து கொண்டுபோவது என்று கிறிஸ்துமஸ் வரைக்கும் தினம் ஒரு பெட்டி. நான்கு பேரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஒருவர் நழுவினாலும் மறுநாள் பெட்டி திறக்காது. இது சட்டம்.

திறப்பதும் சாதாரணமாக நடக்காது. அப்பா ஒரு முட்டி போடுவார். பெட்டியை மறுமுட்டியில் வைப்பார். மூடியை இரண்டு விரலால் தூக்கி, மெல்லிய காகிதத்தை விலக்குவார். "மேடம், இன்னைக்கு உங்களுக்குன்னே வந்திருக்கிற ஐட்டம்... ஜன்னல் துடைக்கிறது! ரொம்ப லைட் வெயிட்!"

"வேற மாடல் இல்லையா?" என்பாள் அம்மா.

"இதான் மேடம் லாஸ்ட் பீஸ்."

கடைசிப் பெட்டியில் மட்டும் என்றும் ஒரே சீட்டுத்தான்: நடை. மாலை ஆராதனைக்கு ஊர்க்காரர்கள் மெழுகுவர்த்தி ஏந்திப் பாடிக்கொண்டு தேவாலயம் வரை நடந்து போவார்கள். அப்பாவும் அம்மாவும் அதில் ஜோடியாக நடப்பார்கள். போன வருஷம் அம்மா முதல் திருப்பத்திலேயே ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறி, ராணி மாதிரி கையசைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்பா தன் மெழுகுவர்த்தியோடு தனியாக நடந்தார். வீட்டுக்கு வந்தபிறகு பெட்டிகளை மடித்துக்கொண்டே, "அந்த நடைக்காகத்தான் மத்த பெட்டியெல்லாம்" என்றார். தேன் இல்லாத குரல் அது. அடுத்த தடவை எப்படியாவது அம்மாவை நடக்க வைத்துவிட வேண்டும் என்று அவர் அன்றைக்கே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஏனென்றால், இந்த வருஷப் பெட்டிகளுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது.

முதல் சீட்டு: ஈரக்கால் பந்தயம். வெறுங்காலை நனைத்துக்கொண்டு செய்தித்தாள் மேல் நடக்க வேண்டும். யாருடைய தடம் முதலில் காய்கிறதோ அவருக்கு மரத்தின் உச்சியில் நட்சத்திரம் வைக்கிற உரிமை.

"எனக்கு ஜலதோஷம்" என்றாள் அம்மா.

"நேத்து இல்லையே மேடம்?"

"இப்பத்தான் வந்துச்சு. அச்சு!" அந்தத் தும்மலில் மூக்கு கலந்துகொள்ளவேயில்லை. இருந்தாலும் உடம்பு சரியில்லாதவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு.

அடுத்தது, வாசலிலிருந்து மரம் வரை மைதா தூவி, கிறிஸ்துமஸ் தாத்தா வந்துபோன தடம் பதிப்பது. வழக்கமாக அப்பாவின் பழைய பூட்ஸை வைத்துப் பதிப்போம். இந்த வருஷம் நால்வரும் வெறுங்காலோடு.

"தாத்தா செருப்புக்கூடப் போடாமலா வர்றாரு?" என்றாள் அக்கா.

"வாசல்ல கழட்டி வச்சிட்டு வர்றாரு. மரியாதை தெரிஞ்சவரு" என்றார் அப்பா.

அம்மா சாக்ஸோடு இடுப்பில் கைவைத்து நின்றாள். "மைதாவை மிதிக்கிறதா? நான் மைதாவுல சம்பாதிக்கிறவ. தொழிலை மிதிக்க மாட்டேன்." அதற்கும் அப்பா சட்டத்தில் ஒரு விலக்கு கொடுத்தார். அவரும் தொழில் பக்தி உள்ளவர்.

பிறகு கலைமான் படம். பாதத்தில் பெயின்ட் தடவி அட்டையில் பதித்தால் அது மானின் முகம். கொம்பும் கண்ணும் வரைந்துகொள்ள வேண்டும். அம்மா சளைக்கவில்லை. "நான் தனியாத்தான் செய்வேன். வரையும்போது யாராவது பார்த்தா கூச்சமா இருக்கும்" என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அக்காவை மட்டும் கூப்பிட்டாள், பெயின்ட் கலக்க வேண்டுமாம்.

காய்ந்த படங்களை அப்பா வரிசையாக மாட்டினார். கடையிலிருந்து கொண்டுவந்த கால் அளக்கும் தட்டை அம்மாவின் மான் மேல் வைத்துப் பார்த்தார். பக்கத்து மான் மேலும் வைத்தார். இரண்டும் இரட்டைப் பிறவிகள்.

"மூணு பேருக்கு நாலு மான் வந்திருக்கு" என்றார் மெதுவாக. அக்கா கூரையைப் பார்த்தாள். அவளுடைய இடது குதிகாலில் இன்னும் பிரவுன் பெயின்ட்.

"அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சு டி" என்று அக்கா என்னைத் தனியே இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள். "காலு காலுன்னு வேலை மண்டைக்கு ஏறிடுச்சு. நாளைக்கு என்ன, கால்விரலால கேரல் வாசிக்கச் சொல்லுவாரா?"

பால்கனியில் பெயின்ட் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவை நான் வளைத்துப் பிடித்தேன். "அப்பா, என்னதான் வேணும் உங்களுக்கு?"

"உங்கம்மா காலு."

"விழுந்து கும்பிடவா?"

"அளவெடுக்க."

"ஆறுதானே? வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆறாம் நம்பர்தானே வாங்கித் தர்றீங்க?"

அப்பா அக்கம்பக்கம் பார்த்தார். குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டார், சத்தத்துக்கு. "எட்டு" என்றார்.

"என்னது?"

"கத்தாதே! கல்யாணத்துக்கு முன்னாடி ஒருநாள் கடைக்கு வந்தா. பக்கத்துல அவ சிநேகிதி, குருவிக் காலு, அஞ்சாம் நம்பர். நான் தட்டை நீட்டுறதுக்குள்ள உங்கம்மா 'எனக்கு ஆறு'ன்னுட்டா. பார்த்தாலே எட்டு. ஆனா வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே முதலாளி சொல்லியிருந்தாரு: 'தம்பி, லேடீஸ் என்ன அளவு சொல்றாங்களோ அதுதான் அளவு. வாதாடினே, ஆள் போயிடும்.'" கிண்ணத்தைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். "ஆள் போயிடக் கூடாதேன்னு எனக்குப் பார்த்தவுடனே தோணிடுச்சு."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் வந்தா, கடிக்குதுன்னு. வேற மாடல்ல ஆறு கொடுத்தேன். அதுவும் கடிச்சுது. மறுபடி வந்தா. கடிக்கக் கடிக்க வந்துக்கிட்டே இருந்தா. அப்படியே பேச்சு, பழக்கம்..."

"முதல்லயே எட்டு கொடுத்திருக்கலாமே?"

"கொடுத்திருந்தா சௌகரியமா நடந்து போயிருப்பா டி! திரும்பி வந்தே இருக்க மாட்டா!"

எங்கள் குடும்பமே ஒரு கடிக்கிற செருப்பின் மேல் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"சரி, இப்பவாவது சொல்லிடுங்க."

"இருபத்தேழு வருஷமாத் தெரியும்னு எந்த வாயால சொல்றது? அவளா காலைக் காட்டணும். நான் அப்பத்தான் பார்க்கிற மாதிரி 'அடடே!'ன்னு சொல்லணும். அவ்வளவுதான் பிளான்." 'அடடே'யை மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினார். ஒன்றுகூடத் தேறவில்லை.

"எட்டாம் நம்பர் வாங்கி, மேல ஆறுன்னு ஒட்டிக் கொடுத்துடுங்களேன்?"

அப்பா நெஞ்சில் கைவைத்தார். "நம்பரை மாத்துறதா? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"பொய் சொல்லலாம், நம்பரை மாத்தக் கூடாதா?"

"பொய் கஸ்டமரோடது. நம்பர் கம்பெனியோடது." இதற்கு மேல் அவரோடு பேசிப் பயனில்லை.

மறுநாள் பெட்டியில் எங்கள் வீட்டுப் பழைய வழக்கம் ஒன்று வந்தது: வேலை மாற்றிக்கொள்ளும் நாள். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்துகாட்ட வேண்டும். நான் அக்காவாகி, போனை இரண்டு விரலில் பிடித்து, "எக்ஸ்க்யூஸ் மீ, அது என் டிபார்ட்மென்ட் இல்லை" என்று மூக்கால் பேசித் தலையணை அடி வாங்கினேன். அப்பா பேக்கரி அம்மாவானார். கேக் பெட்டியைக் கட்டுகிறேன் என்று தன் ஆள்காட்டி விரலையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். கத்தரிக்கோல் வந்துதான் விடுதலை.

அடுத்து அம்மாவின் முறை. ஷூக் கரண்டியைக் கையில் வாங்கி, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, குரலில் தேனை ஊற்றினாள். "வாங்க சார், வாங்க! ஃபேமிலி எல்லாம் சௌக்கியமா? என்ன சைஸ் சார்?"

நாற்காலியில் கஸ்டமராக உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கால் ஒன்பது. அவர் முகத்தில் ஏதோ ஓடியது. "ஆறு" என்றார்.

அம்மா சிரித்தாள். "சார், பார்த்தா பெரிய காலா இருக்கே?"

"ஆறுதாங்க. சின்ன வயசுலேருந்தே ஆறு."

"கஸ்டமர் சொன்னா சரிதான்!" என்று எழுந்துபோய், போன கிறிஸ்துமஸுக்கு வந்த தன்னுடைய ஆறாம் நம்பர் ஜோடியைக் கொண்டுவந்தாள். முன்னால் குட்டி ரிப்பன் பூ வைத்தது. அதில் அப்பாவின் ஒன்பதை நுழைக்க அவள் தள்ள, அக்கா பின்னாலிருந்து அழுத்த, கரண்டி வளைய, ஒரு வழியாக முக்கால் கால் உள்ளே போனது. மிச்சக் குதிகால் பால்கனி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு சுத்து நடந்து பாருங்க சார்!"

அப்பா எழுந்தார். ரிப்பன் பூவோடு நடந்தார். விரலைச் சுருக்கி, சுடுமணலில் போவது போல ஒவ்வொரு அடியையும் அவசரமாக எடுத்து, கதவு நிலையை ஒரு கையால் தொட்டு, திரும்பி நின்று, பல்லைக் கடித்த ஒரு சிரிப்போடு, "அருமையா இருக்கு!" என்றார்.

நானும் அக்காவும் தரையில் உருண்டு சிரித்தோம். அப்புறம்தான் கவனித்தோம், அம்மா சிரிக்கவில்லை. அந்த நடை, அந்தக் கதவு நிலை, அந்தச் சிரிப்பு, எல்லாமே அவளுடையது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புதுச் செருப்பைப் போட்டு அவள் நடந்து காட்டுவது அச்சு அசலாக அப்படித்தான்.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்றாள்.

"எது மேடம்?"

"மேடம் கீடம் எல்லாம் அப்புறம். என் காலு ஆறு இல்லைன்னு எத்தனை நாளாத் தெரியும்?"

பதறிப்போன அப்பா அந்த நேரம் பார்த்து, "அடடே!" என்றார்.

"என்ன அடடே?"

"முதல் நாள்லேருந்தே தெரியும்" என்றார், பலூனில் காற்று இறங்குவது போல.

அம்மா ஸ்டூலை விட்டு எழுந்தாள். "ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் முட்டி போட்டு, விரல் இடிக்குதா, குதிகால் உரசுதான்னு கேட்கிற மனுஷன். வீட்டுல ஒருத்தி நொண்டிக்கிட்டுத் திரியறேன், ஒரு வார்த்தை கேட்கத் தோணலை!"

"நீதானே ஆறுன்னு சொன்னே..."

"நான் சொல்வேன்! ஸ்கூல்ல என்னைப் படகுன்னு கூப்பிட்டாங்க, வெட்கத்துல சொன்னேன். உங்களுக்கு என்ன வெட்கம்?"

அறைக் கதவு சாத்திக்கொண்டது. அப்பாவின் காலிலிருந்து ரிப்பன் செருப்பைக் கழற்ற எங்கள் இருவருக்கும் எண்ணெயும் பொறுமையும் நிறையத் தேவைப்பட்டன.

அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் திறக்கவில்லை. அம்மா இல்லாமல் திறக்க முடியாது; அதுதானே சட்டம். பேக்கரியில் அவளுக்குக் கூட்டமான வாரம் வேறு. வீட்டுக்கு வந்தாலும் கவுன்டர் குரல்தான். சாப்பாடு போடும்போது, "அடுத்து யாரு?" என்பாள். அப்பா தட்டோடு வரிசையில் நிற்பார். வரிசையில் அவர் ஒருவர்தான். "கொஞ்சம் குழம்பு..." என்றால், "ஸ்டாக் முடிஞ்சுது" என்பாள். சட்டி நிறையக் குழம்பு இருக்கும்.

"இப்படியே போனா ஊருக்கெல்லாம் கிறிஸ்துமஸ் முடிஞ்சு நமக்கு ஜனவரியிலதான் வரும்" என்றாள் அக்கா.

அப்பா கடைசிப் பெட்டியைத் தினமும் துடைத்து, தேதி முன்னால் தெரியும்படி திருப்பி வைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கவுன்டருக்குப் பின்னால் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று கேக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சீக்கிரம் சொல்லு. பின்னாடி ஆள் நிக்குது." இந்தத் தடவை நிஜமாகவே நின்றார்கள்.

"எட்டு கொடுத்திருந்தா நீங்க கடைக்குத் திரும்பி வந்திருக்கவே மாட்டீங்களாம். அப்பாவுக்கு அதான் பயமாம்."

நூலைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. எனக்கு நினைவு தெரிந்து அம்மா முடிச்சுப் போடாமல் விட்ட ஒரே பெட்டி அது. "பிளம் கேக்கா?" என்று கஸ்டமர் கேட்டார். "இருங்க" என்று ஏப்ரனோடு வெளியே வந்துவிட்டாள். "வா டி. ஒரு வேலை இருக்கு."

செருப்புக் கடையில் நிற்க இடமில்லை. அப்பா ஒரு பெரிய வீட்டம்மாவின் காலடியில் முட்டி போட்டுக்கொண்டு, அஞ்சாம் நம்பருக்குள் அந்தப் பாதத்தை அடைக்கப் போராடிக்கொண்டிருந்தார். "தோலு மேடம், போகப் போக இளகிடும்..."

அம்மா அடுத்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றினாள். அப்புறம் சாக்ஸையும் கழற்றினாள். சிவந்து, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓரமெல்லாம் காய்த்துப்போன இரண்டு பாதங்களை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அப்பாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. பார்வை பாதத்தை விட்டு மேலே ஏறவேயில்லை.

"என்ன சைஸ் மேடம்?" என்றார்.

"எட்டு!" கடை முழுக்க, கல்லாவில் இருந்த முதலாளி வரைக்கும் கேட்டது. "ஸ்டாக் இருக்கா, இல்லையா?"

அப்பா உள்ளே ஓடவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலுக்கு அடியிலிருந்தே ஒரு பெட்டியை எடுத்தார். எட்டு. மெத்தென்ற உள்ளடி, அகல முன்பக்கம், நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கானது.

"இது எப்போலேருந்து இங்க இருக்கு?"

"வருஷா வருஷம் ஒரு ஜோடி எடுத்து வைப்பேன். நீ வந்து கேட்டா இருக்கட்டும்னு. சீசன் முடிஞ்சதும் திரும்ப அடுக்கிடுவேன்."

அம்மா அவரைப் பார்த்தாள். ஏதோ பெரிதாகத் திட்ட வாயெடுத்து, "லூசு" என்று மட்டும் சொன்னாள்.

கால் உள்ளே போன சத்தம்கூடக் கேட்கவில்லை. எழுந்து நடந்தாள். கண்ணாடி வரை போய்த் திரும்பினாள். எதையும் பிடிக்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. "இப்படியா இருக்கும் செருப்புன்னா?" என்றாள், ஏமாந்துபோனவளைப் போல.

அஞ்சாம் நம்பரில் பாதி மாட்டியிருந்த பெரிய வீட்டம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் குனிந்து, "தம்பி... எனக்கும் அஞ்சு இல்லை. ஏழு" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற டீச்சர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படின்னா எனக்கும் ஒண்ணு கூட்டிக் கொடுங்க" என்றார். மீசைக்காரர் ஒருவர் மட்டும் தன்னுடையது பத்து இல்லை, எட்டுத்தான் என்றும், கெத்துக்காகப் பெரிதாகப் போட்டு உள்ளே துணி அடைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். ஏழும் எட்டும் ஒரே மூச்சில் காலியாகி, ஐந்தும் ஆறும் மலைபோல் குவிந்தன. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு, "யாருய்யா இவங்களையெல்லாம் உண்மை பேசச் சொன்னது?" என்று புலம்பினார்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் தேங்கிக் கிடந்த பெட்டிகளையெல்லாம் ஒரே மூச்சில் முடித்தோம். அக்கா காகிதச் சங்கிலி ஒட்டிக்கொண்டே பாட, நான் குடிலில் ஆட்டுக்குட்டியைத் தலைகீழாக வைக்க, பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்பா வாழ்த்துச் சொன்ன வேகத்தில் அவர் தீ விபத்து என்று நினைத்து வெளியே ஓடிவந்தார். கடைசிப் பெட்டியை அப்பா முட்டி போட்டுத் திறப்பதற்குள் அம்மா வாசலில் தயாராக நின்றாள். "அதுல என்னன்னு தெரியும். வாங்க."

நடந்தாள். முதல் திருப்பத்தைத் தாண்டினாள். கடைத்தெருவைத் தாண்டினாள். ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தார். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெழுகுவர்த்திகளின் வரிசை பாடிக்கொண்டே மெதுவாக நகர, அம்மா அப்பாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தாள். நானும் அக்காவும் ஒட்டுக்கேட்பதற்கு வசதியான தூரத்தில் பின்னால் வந்தோம்.

"என்னங்க, முன்னாடி போறாங்களே, கொயர்ல உச்சக் குரல்ல பாடுவாங்களே. அவங்களுக்கு என்ன சைஸ்?"

"மேடம், அது கஸ்டமர் விஷயம். வெளியே சொல்லக் கூடாது."

"நான் வெளியாளா?"

அப்பா யோசித்தார். பத்தடி தூரம் யோசித்தார். பிறகு அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

அம்மா வெடித்துச் சிரித்ததில் அவளுடைய மெழுகுவர்த்தி அணைந்துபோனது. பாட்டின் நடுவே உச்சக் குரல்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா அவசரமாகத் தன் மெழுகுவர்த்தியிலிருந்து பற்றவைத்துக் கொடுக்க, இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, வரியும் தப்பாக, ராகமும் தப்பாக, தொண்டை கிழியப் பாடினார்கள்.

உச்சக் குரல்காரர் முன்பக்கம் திரும்பியதுதான் தாமதம். "அவங்க வீட்டுக்காரருக்கு?" என்றாள் அம்மா.